திருக்கோயிலில் நாதஸ்வரம்: கேட்பதற்கும் கற்பதற்கும் சில குறிப்புகள்

இறைவனை நாத வடிவினன் என்று போற்றுவது நம் மரபு. தீபாராதனையின்போது மணியும் சங்கும் ஒலிக்க, நாதஸ்வரமும் தவிலும் முழங்குவதை நாம் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். கேட்டு வருகிறோம் என்பதைவிட, அது நம் காதில் விழுந்து வருகிறது என்று சொல்வதே பொருந்தும். கோயிலுக்கு வரும் மெய்யன்பர்களில் எத்தனை பேருக்கு, இந்த நேரத்தில் வாசிக்கப்படுவது இன்ன வாசிப்பு, அது இன்ன காரணத்திற்காக என்று தெரியும்? பூமாலைக்கும் நைவேத்தியத்திற்கும் மேளத்திற்கும் சேர்த்து உபயம் செலுத்துகிறோம். மாலையைக் கண்ணால் காண்கிறோம், நைவேத்தியத்தை உண்டு மகிழ்கிறோம். மேளத்திற்குச் செலுத்திய உபயம் மட்டும் பெரும்பாலும் பேச்சுச் சத்தத்தில் கரைந்து போகிறது. அந்த வாசிப்பைக் காது கொடுத்துக் கேட்க உதவும் சில செய்திகளையும், பிள்ளைகளைக் கற்க அனுப்ப எண்ணும் பெற்றோர்க்குச் சில விவரங்களையும் இங்கே தருகிறோம்.

வாத்தியத்தின் அமைப்பு

நாகசுரம், நாகஸ்வரம், நாதஸ்வரம், நாயனம் எனப் பல பெயர்களால் வழங்கும் இவ்வாத்தியத்தின் உடல் ஆச்சா மரத்தால் ஆனது. புதிதாக வெட்டிய மரம் உதவாது, நாளடைவில் வெடித்துவிடும். ஆகவே பழைய வீடுகளில் பல்லாண்டுக் காலம் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து ஈரம் வற்றிய மரத்தைத் தேடி வாங்கிக் கடைகிறார்கள். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை இக்கலைக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூர் நாதஸ்வரத்திற்கு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நீண்ட மரக்குழலுக்கு உலவு என்று பெயர். கீழே விரிந்திருக்கும் புனல் போன்ற பகுதி அணசு. மேலே செருகப்படும் சிறிய உலோகக் குழாய் கெண்டை. அதன்மேல் பொருத்தப்படுவது சீவாளி. விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அவற்றுக்குக் கீழே மேலும் ஐந்து துளைகள் உண்டு. அவை விரலுக்காக அமைந்தவை அல்ல. மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்து கொள்வதற்காக அமைந்தவை.

வாத்தியத்தின் உயிர் சீவாளியில்தான் இருக்கிறது. காவிரிக் கரைப் பகுதியில் வளரும் நாணலைப் பதப்படுத்தி, அவித்து, உலர்த்தி, இரண்டு இதழ்களாக அமைத்துக் கட்டுகிறார்கள். ஊதும்போது அவ்விரு இதழ்களும் அதிர்வதால் ஓசை பிறக்கிறது. உலர்ந்த சீவாளி பேசாது. உமிழ்நீரில் நனைந்து பதமாக வேண்டும். அதனால்தான் கலைஞர் வாசிக்கத் தொடங்குமுன் அதை வாயில் வைத்துப் பதம் பார்க்கிறார். வாத்தியத்தின் கழுத்தில் கொத்தாகத் தொங்குபவை அலங்காரம் என்று சிலர் எண்ணுவதுண்டு. அவை மாற்றுச் சீவாளிகளும், அவற்றைச் சீர்செய்யும் ஊசியுமே ஆகும். குளிரூட்டிய மண்டபத்தில் ஒரு விதமாகவும், வெளியே ரதத்தின் முன்னே ஈரக் காற்றில் வேறு விதமாகவும் சீவாளி நடந்துகொள்ளும். அப்போது கலைஞர் சில நொடிகள் நிறுத்தி வேறொன்றை மாற்றுவார். ‘ஏன் நிறுத்திவிட்டார்?’ என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை.

மேல்நாட்டு ஓபோ என்னும் குழலும் இவ்வகையைச் சேர்ந்த இரட்டை இதழ் வாத்தியமே. ஆனால் ஓபோவில் அரைச் சுரங்களுக்கு உலோகச் சாவிகள் உண்டு. நாதஸ்வரத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ஏழு துளைகளை வைத்துக்கொண்டு, துளையைப் பாதி மூடியும், உதட்டின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தும், மூச்சின் விசையை மாற்றியும் எல்லாச் சுரங்களையும் கமகங்களையும் கொண்டுவர வேண்டும். இதனாலேயே இது கற்பதற்கு மிகக் கடினமான வாத்தியங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

இதன் உறவினர்கள் நம்மைச் சுற்றியும் இருக்கிறார்கள். கிளந்தான் வாயாங் கூலிட்டிலும் சிலாட் ஆட்டத்திலும் ஒலிக்கும் செருனாய், சீனர் ஊர்வலங்களில் கேட்கும் சுவோனா, வட இந்தியாவின் ஷெனாய் ஆகிய அனைத்தும் இதழ் அதிர்ந்து ஒலிப்பவையே.

சங்கும் கொம்பும்

இதழ் இல்லாமல், ஊதுபவரின் உதடே அதிர்ந்து ஒலி எழுப்பும் வாத்தியங்கள் வேறு வகை. சங்கு, கொம்பு, எக்காளம், திருச்சின்னம் ஆகியவை இதில் அடங்கும். பிறைபோல் வளைந்த கொம்பும், நேராக நீண்ட எக்காளமும் உலோகத்தால் ஆனவை. மெல்லிய இரு குழல்களை ஒருவரே ஒருசேர வாயில் வைத்து ஊதுவது திருச்சின்னம். திருநெல்வாயில் அரத்துறையில் திருஞானசம்பந்தருக்கு முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் இறைவன் அருளியதைப் பெரியபுராணம் கூறுகிறது. இங்கே நமக்கு நெருக்கமான ஓர் ஒப்புமையும் உண்டு. கெடா, பேராக், சிலாங்கூர், திரங்கானு அரண்மனைகளின் நோபாட் இசைக்குழுவில் நஃபிரி என்னும் நீண்ட நேரான எக்காளம் இடம் பெறுகிறது. தெய்வம் எழுந்தருளும்போதும் அரசர் எழுந்தருளும்போதும் நீண்ட குழல் ஊதி அறிவிப்பது இரு மரபுகளுக்கும் பொதுவாக இருக்கிறது.

இவற்றில் இராகம் வாசிக்க இயலாது. துளை இல்லாத குழலில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஒரு சில சுரங்களை மட்டுமே பெற முடியும். மேல்நாட்டு டிரம்பெட்டும் முன்பு அப்படித்தான் இருந்தது. 1810களில் ஜெர்மனியில் அதற்கு அடைப்பான்கள் பொருத்தும் வழி கண்டார்கள். அதன் பிறகே எல்லாச் சுரங்களும் அதில் வந்தன. பள்ளியின் பேண்டு வாத்தியக் குழுவில் டிரம்பெட் ஊதும் நம் பிள்ளை ஒருவனிடம் கோயில் கொம்பைக் கொடுத்துப் பாருங்கள். உதட்டை அதிரச் செய்யும் பழக்கம் அவனுக்கு ஏற்கெனவே இருப்பதால் விரைவிலேயே ஓசை எழுப்பிவிடுவான். திருவிழாவிற்குக் கொம்பு ஊத ஆள் இல்லை என்று சொல்லும் ஆலய நிர்வாகங்கள் இதைச் சற்றுச் சிந்திக்கலாம்.

எதைக் கேட்பது?

முதலில் மல்லாரியைக் கேட்டுப் பழகுங்கள். சுவாமி புறப்பாட்டின்போது வாசிக்கப்படுவது இது. பெரும்பாலும் கம்பீரநாட்டை இராகத்தில் அமைந்திருக்கும். ச, க, ம, ப, நி என்னும் ஐந்தே சுரங்கள். பாடல் வரிகள் கிடையாது. ஆகவே ‘இது என்ன பாட்டு?’ என்று கேட்பதில் பொருளில்லை. தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு கேட்டால், ஒரே அமைப்பை முதலில் மெதுவாகவும், பிறகு இரட்டித்தும், மேலும் விரைவாகவும் வாசிப்பது விளங்கும். தீர்த்தம் கொண்டு வரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேர் புறப்படும்போது தேர் மல்லாரி என்று தனித்தனியே உண்டு. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கோயிலுக்குள் என்ன நடக்கிறது என்பதை வாசிப்பே அறிவித்துவிடும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் நான்கு வீதிகளுக்கும் செய்தி சொன்னது மேளமே.

இரண்டாவது, நேரத்திற்குரிய இராகம். விடியற்காலையில் பூபாளம், பௌளி, மலயமாருதம். உச்சிப் பொழுதில் மத்தியமாவதி போன்றவை. மாலையில் கல்யாணி, பூர்விகல்யாணி, சங்கராபரணம். பள்ளியறைப் பூசையில் நீலாம்பரி. இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் வழக்கம் மாறும். ஆனாலும் ஒரே கோயிலில் காலையிலும் இரவிலும் ஒரு வாரம் தொடர்ந்து கேட்டால், வேறுபாட்டை இசை கற்காத காதும் உணரும்.

தவிலையும் மறக்கக்கூடாது. பலா மரத்தில் குடைந்த இவ்வாத்தியத்தின் ஒரு முகத்தைக் கழியாலும், மறு முகத்தைக் கூடு மாட்டிய விரல்களாலும் வாசிக்கிறார்கள். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி (1933-1975) போன்ற மேதைகளின் ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் தவிலை வெறும் சத்தம் என்று சொல்ல மாட்டார்கள்.

திருமணத்திலும் இதே கவனம் வேண்டும். ஒரு திருமண மண்டபத்தில் கலைஞர் தோடியை விரிவாக ஆலாபனை செய்துகொண்டிருந்தபோது, கார் எண் ஒன்றை அறிவிப்பதற்காக வாசிப்பை நிறுத்தச் சொன்னதைக் கண்டோம். திரைப்பாடல் வேண்டும் என்று கேட்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. விருந்தின்போது அது இருக்கட்டும். மாங்கல்ய தாரணம் முடியும் வரையிலாவது மரபான வாசிப்பைக் கேட்பதே நமக்குச் சரியாகப் படுகிறது.

பெருங்கலைஞர்கள்

திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898-1956) என்ற பெயரை அறியாமல் இவ்வாத்தியத்தைப் பற்றிப் பேச இயலாது. முன்பு வழக்கிலிருந்தது திமிரி என்னும் குட்டையான, சுருதி உயர்ந்த நாதஸ்வரம். அதில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசுவது அரிது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு, நீண்டதும் சுருதி தாழ்ந்ததுமான பாரி நாதஸ்வரத்தைச் செம்மைப்படுத்தி வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிள்ளை அவர்கள். இன்று நாம் பரவலாகக் கேட்கும் கனிந்த ஓசை அதனால் வந்ததே. சட்டை அணியாமல் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், சட்டை அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்துக் கலைஞரின் மதிப்பை உயர்த்தியவரும் அவரே.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921-1964). 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலிப்பது இவருடைய வாசிப்பே. 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் திரையில் தோன்றுபவர் சிவாஜி கணேசன்; வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஷேக் சின்ன மௌலானா (1924-1999) இஸ்லாமியராகப் பிறந்து, திருவரங்கத்தில் வாழ்ந்து, இக்கலையின் உச்சத்தைத் தொட்டவர். அவ்வழியில் வந்த காலீஷாபி மகபூப், சுபானி தம்பதியர் 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பெற்றனர். பெண்களால் ஊத முடியுமா என்று ஐயுறுவோர், மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயின் பெயரையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கற்க விரும்புவோர்க்கு

நம் நாட்டுக் கோயில்களில் வாசிப்போர் பலரும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஒப்பந்தத்தில் வருபவர்கள். 2020 மார்ச்சில் எல்லைகள் மூடப்பட்டபோது இந்த ஏற்பாடு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது தெரிந்தது. ஆள் இல்லாத கோயில்களில், பொத்தானை அழுத்தினால் மணியும் முரசும் தானே அடிக்கும் மின்சார இயந்திரம் வந்துவிட்டது. அந்த இயந்திரத்திற்குத் தீர்த்தமும் தெரியாது, தளிகையும் தெரியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிலராவது கற்றால் அன்றி இதற்கு வேறு மாற்று இல்லை.

பத்து வயதை ஒட்டித் தொடங்குவது நல்லது. அதற்கு முன்பே வாய்ப்பாட்டில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றைப் பாடப் பழக்குங்கள். பாடத் தெரியாத சுரத்தை ஊதவும் வராது. முதற்சில மாதங்களில் பாட்டு எதுவும் இராது. நீண்ட மூச்சில் ஒரே சுரத்தை அசையாமல் நிறுத்துவதே பயிற்சி. பிறகு நாவால் தட்டி ஊதும் துத்துக்காரம், நாவைத் தட்டாமல் இழைத்து ஊதும் அகாரம் என்று போகும். கீர்த்தனைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். ஆறு மாதத்தில் ஆலய விழாவில் மேடையேற்ற வேண்டும் என்று அவசரப்படும் பெற்றோர் பிள்ளையை வேறு வாத்தியத்தில் சேர்ப்பதே நலம்.

இன்னொரு நடைமுறைத் தொல்லை அடுக்குமாடி வீடு. நாதஸ்வரம் திறந்த வெளிக்காகப் பிறந்த வாத்தியம். வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். பூசை இல்லாத பிற்பகல் வேளையில் கோயில் மண்டபத்தை ஒரு மணி நேரம் ஒதுக்கித் தருவது நிர்வாகத்திற்குச் செலவில்லாத உதவி. நன்கொடை தர விரும்பும் அன்பர்கள் ஒரு பிள்ளைக்கு வாத்தியம் வாங்கித் தரலாம். ஆனால் ஆசிரியரைக் கேட்காமல் கடையில் வாங்கி வந்துவிட வேண்டாம். எத்தனை கட்டைச் சுருதி, எந்த அளவு என்பதை அவரே சொல்ல வேண்டும். சீவாளி விரைவில் தேய்ந்து போகும் பொருள் என்பதால், ஆண்டுதோறும் அதற்கும் ஒரு தொகை தேவை. கோயிலுக்கு வந்திருக்கும் கலைஞரே ஆசிரியராகவும் இருக்கக்கூடும். அப்படியானால் கற்பிக்கும் நேரத்தையும் அதற்குரிய ஊதியத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது முறை. இலவசமாகச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்பது அழகன்று.

முதல் ஆண்டில் பிள்ளை கோயிலில் செய்யக்கூடிய பணியும் ஒன்று உண்டு. ஆசிரியரின் அருகில் நின்று தாளம் போடுவது. கூட்டம் குறைந்த அர்த்தசாமப் பூசையில் தொடங்கலாம். நீலாம்பரியை நாள்தோறும் அருகிலிருந்து கேட்கவும் அதுவே வாய்ப்பு.