மக்கள் மொழியில் நீதி

ரிச்சர்ட்ஸ் டவுனில் வாழும் நம்மில் பலர் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகிறோம். அறியாத மொழியில் ஒரு கடிதம் வந்தால், படித்துச் சொல்ல ஒருவரைத் தேடுகிறோம். அக்கடிதம் நம் வீட்டையோ நிலத்தையோ பற்றிய தீர்ப்பாக இருந்தால் மனம் எவ்வளவு பதறும்! ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழ் மக்கள் பலரின் நிலை அதுவே. அந்நிலையை மாற்ற முயன்றவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

இவர் 1826ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்று, நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தார். அதன்பின் முன்சீப் என்னும் நீதிபதிப் பதவியைப் பெற்றார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் வழக்குகளை விசாரித்தார். மாயூரமே இன்றைய மயிலாடுதுறை.

அக்காலத்தில் மேல் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளை வேதநாயகர் தமிழில் தொகுத்து, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் நூலாக வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதவரும் சட்டத்தை அறிய அது வழி செய்தது. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. தமிழ் மக்களின் வழக்கில் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கத்தை அந்நாவலிலும் அவர் கண்டித்தார்.

அவர் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் விளங்கினார். 1876ஆம் ஆண்டு தொடங்கிய கொடும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்கு உணவளித்தார். பெண்கல்வியை வலியுறுத்தியும் எழுதினார். 1889இல் மறைந்தார்.

வேதநாயகர் ஆங்கிலத்தை வெறுத்தவர் அல்லர்; அதனை நன்கு கற்றவர். கற்றதைத் தம் மக்களுக்குத் தமிழில் வழங்கினார். தம் மொழியில் நீதி பெறும் உரிமை தமிழர்க்கு மட்டுமன்று, நாம் வாழும் மண்ணின் கன்னட மக்களுக்கும் உண்டு. மாணவர்களே, நீங்கள் பல மொழிகள் அறிந்தவர்கள். உங்கள் பாட்டிக்கு வந்த கடிதத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லும் நாளில், நீங்களும் அவர் வழியில் நடக்கிறீர்கள்.

அருஞ்சொற்பொருள்
ஆவணம் – எழுத்துச் சான்று
சங்கிரகம் – தொகுப்பு
பஞ்சம் – உணவின்றி மக்கள் வாடும் காலம்

விடையளிக்க
1. 'சித்தாந்த சங்கிரகம்' யாருக்குப் பயன்பட்டது? எவ்வாறு?
2. வேதநாயகர் ஆங்கிலம் கற்றதால் தமிழர் அடைந்த நன்மை யாது?
3. உங்கள் வீட்டில் ஒருவருக்காக நீங்கள் மொழிபெயர்த்த நிகழ்வை ஐந்து தொடர்களில் எழுதுக.