வேகத்தடையை நாங்களே போடலாமா?

கேள்வி: பைபாஸிலிருந்து சந்தைக்குப் போகக் குறுக்குவழி என்று பைக்குகளும் மினி வேன்களும் எங்கள் தெருவில் பறக்கின்றன. பிளஸ் ஒன் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிளில் இந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறார்கள். பெரியவர்கள் பால் வாங்கக்கூட நிம்மதியாக நடக்க முடியவில்லை. பணம் திரட்டி நாங்களே வேகத்தடை போட்டுவிடலாம் என்கிறார்கள் தெருக்காரர்கள். செய்யலாமா?

- வாசகி, பல்லடம்

பதில்: வேண்டாம். அனுமதியில்லாமல் போடும் வேகத்தடையில் ஒருவர் விழுந்து அடிபட்டால், வழக்கு உங்கள் தெருக்காரர்கள் மேலேயே திரும்பக்கூடும். அதோடு, நீங்கள் யாரைக் காப்பாற்ற நினைக்கிறீர்களோ அவர்களுக்கே அது ஆபத்து. ஒரு முழம் அகலத்தில் சிமென்ட்டைக் குவித்து வைத்தால் பைக்காரர் அதில் ஏற மாட்டார். தடைக்கும் சாக்கடைக்கும் நடுவே விட்டிருக்கும் சந்தில் வண்டியைத் திருப்புவார். சைக்கிளில் வரும் பிள்ளையும், ஓரமாக நடக்கும் பாட்டியும் அந்தச் சந்தில்தான் இருப்பார்கள்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு அளவு வகுத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனால் தூக்கிப் போடாது. வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் கட்டாயம் வேண்டும்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். குறுக்கே ஒரு குழந்தை ஓடுவதைப் பார்த்து, ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். 30 கி.மீ. வேகத்தில் வரும் கார், காய்ந்த சாலையில் அந்த விநாடியையும் சேர்த்துச் சுமார் 14 மீட்டரில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதே 14 மீட்டரைத் தாண்டும்போதுதான் ஓட்டுநர் பிரேக்கையே மிதிப்பார். ஆட்களும் வண்டிகளும் கலந்து போகும் சாலைகளில் 30தான் உச்ச வரம்பாக இருக்க வேண்டும் என்று 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னது இதனால்தான். சென்னையிலும் 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளுக்கு இதே வரம்பைக் கொண்டுவந்தார்கள்.

தெரு நகராட்சியுடையது என்றால் ஆணையரிடம் மனு கொடுங்கள். நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் உதவிக் கோட்டப் பொறியாளரிடம் போங்கள். பக்கத்து ஊராட்சியின் சாலையும் இதில் சேர்ந்தால் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். வேலை நகரவில்லை என்றால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரைப் பாருங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் அவர்தான்.

அதுவரை செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. தெருமுனையை மறைத்து நிற்கும் வண்டிகளையும் கடைப் பலகைகளையும் அப்புறப்படுத்துங்கள், செடிகொடிகளை வெட்டுங்கள். திரும்பும் ஓட்டுநருக்குப் பிள்ளையின் தலை தெரிய வேண்டும். சைக்கிளின் பின்னால் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கமாக நடக்கச் சொல்லுங்கள்.

மனுவில் ‘வேகத்தடை வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் ஒரு தடையோடு கணக்கை முடித்துவிடுவார்கள். ‘30 கி.மீ. வேகத்துக்கு மேல் யாரும் போக முடியாதபடி தெருவை அமைத்துத் தாருங்கள்’ என்று எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.