'சில நேரங்களில் சில மனிதர்கள்' – படம் பார்க்கப் போகும் பெற்றோருக்கு



பெரியவர்களுக்கென்று எடுத்த படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா? தாய்மார் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. கொட்டகைக்குப் போய்ப் படம் பார்த்த காலத்தில், டிக்கெட் கிழிப்பவராவது பையனின் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்ப்பார். இன்று படம் டி.வி.யிலும் செல்போனிலும் நம் கூடத்துக்கே வந்துவிடுகிறது. டிக்கெட் கிழிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது. ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். ஏ. பீம்சிங் இயக்கி 1977-இல் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. கதை ஜெயகாந்தனுடையது. நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. கறுப்பு வெள்ளைப் படம், பழைய படம், நாகேஷ் வேறு இருக்கிறார், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பார்க்கட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் நாகேஷ் சிரிக்க வைக்க வரவில்லை.

கதை இதுதான். மழை கொட்டும் மாலையில் கல்லூரி மாணவி கங்கா தனியாக நிற்கிறாள். முன்பின் தெரியாத பிரபு என்பவன் காரில் ஏறச் சொல்கிறான், ஏறுகிறாள், அவளைக் கெடுத்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்கிறாள். தாய் அலறுகிறாள், ஊரே கூடுகிறது. அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். மாமா ஒருவர் அடைக்கலம் கொடுத்துப் படிக்க வைக்கிறார். அந்த மாமாவின் பார்வையும் கையும் சரியில்லை. பல வருஷம் கழித்து, உத்தியோகத்தில் இருக்கும் கங்கா அந்தப் பிரபுவையே தேடிப் போகிறாள். அவனுக்கு மனைவி, பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எந்த வயதுக்கு இந்தப் படம்? 1983-க்கு முன்னால் நம் நாட்டில் 'யு', 'ஏ' என்று இரண்டே வகைச் சான்றிதழ்தான் பொதுவாக வழங்கினார்கள். 'யு.ஏ.' அந்த வருஷம் வந்தது. 2023-ஆம் வருஷத் திருத்தச் சட்டம் அதையும் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தது. இந்தப் படம் அதற்கெல்லாம் முந்தியது. என் யோசனை: பதினாறு வயதுக்குக் கீழே வேண்டாம். பதினாறு ஆன பெண்ணும் பையனும் பார்க்கலாம், நீங்கள் பக்கத்தில் இருந்தால். முதலில் நீங்கள் மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கார் காட்சி வந்தால் சேனலை மாற்றிவிடலாம் என்று பல பெற்றோர் எண்ணுகிறார்கள். எனக்குக் கவலை அங்கே இல்லை. பிள்ளையின் மனதில் பதியக்கூடிய காட்சி அடுத்தது: வீட்டில் சொன்னாள், வீடு போயிற்று. அதைப் பார்க்கும் பெண், "நமக்கு ஏதாவது ஆனா அம்மாகிட்ட சொல்லவே கூடாது" என்று முடிவு கட்டினால் என்ன ஆகும்? ஆகவே அந்த இடத்தில் படத்தை நிறுத்துங்கள். "உனக்கு என்ன நடந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லு. திட்ட மாட்டேன். வீட்டை விட்டு அனுப்ப மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் நினைத்தால் போதாது. அப்பாவும் சொல்ல வேண்டும், அண்ணனும் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: "அவ ஏன் கார்ல ஏறினா? ஏன் கத்தலை?" ஏறியது குற்றமல்ல, ஏறியவளைத் தொட்டதுதான் குற்றம் என்று சொல்லுங்கள். கத்தாததற்கும் காரணம் உண்டு. பெரும் பயத்தில் உடம்பு விறைத்து, வாய் அடைத்துப் போவது இயற்கை. பாம்பைக் கண்டு அசையாமல் நின்றுவிடுகிறோமே, அது மாதிரி. சம்மதம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சம்மதித்தாலும் அது செல்லாது. இந்தச் சட்டம் ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

மாமா பாத்திரத்தைப் பற்றியும் பேசுங்கள். காரில் வந்தவன் அந்நியன். மாமா வீட்டு ஆள். போலீசுக்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவை மாமா மாதிரி, பிள்ளைக்கு முன்பே தெரிந்த ஆட்கள் மேல்தான். "தெரியாதவங்க கூடப் போகாதே" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிற தாய் பாதி வேலைதான் செய்திருக்கிறாள்.

கங்கா பிரபுவையே தேடிப் போவதைப் பார்த்து, "கெடுத்தவனுக்கே கட்டி வெச்சுட்டா சரியாப் போச்சு" என்று பாட்டி சொல்லக்கூடும். பஞ்சாயத்தில் சொல்வோரும் உண்டு. இது சமரசம் பேசி முடிக்கக்கூடிய குற்றம் அல்ல. பதினெட்டு நிறையாத பெண்ணைக் கட்டி வைத்தால் 2006-ஆம் வருஷக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி கட்டி வைத்தவர்களும் மாட்டுவார்கள்.

இந்தக் கதைக்கு முந்திய கதை ஒன்று இருக்கிறது. ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்'. அதில் தாய் விஷயத்தை வெளியே விடாமல் மகளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். அன்றைக்குப் பலர் அதை ஏற்கவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் நாவல், படம் எல்லாம். மகளை அணைத்துக்கொண்ட தாயின் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சுகாதார ஊழியர் என்ற முறையில் அந்தத் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஊற்றாதீர்கள். குளிப்பாட்டினால் உடம்பில் உள்ள தடயம் போய்விடும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் புழுங்கிக் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டாளா? பரவாயில்லை, அப்படியே கிளம்புங்கள்.

சீக்கிரம் போக வேண்டிய காரணம் தடயம் மட்டுமல்ல. கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எவ்வளவு முன்னால் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். மூன்று நாள் தாண்டிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். காயம், தொற்று, மனக் கலக்கம் எல்லாவற்றுக்கும் அப்போதும் வைத்தியம் உண்டு. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். "முதல்ல போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். தாயோ, பிள்ளை நம்பும் வேறு ஒருவரோ கூடவே இருக்கலாம்.

போலீஸ் என்றதும் பயம் வரும். விஷயம் தெரிந்தவர் புகார் கொடுக்காமல் மறைப்பது போக்சோ சட்டப்படி தவறு. ஆஸ்பத்திரியும் தெரிவித்தே ஆக வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வந்து, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்ள வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. கங்காவின் தாய்க்கு இந்த வசதி எதுவும் இல்லை.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1098-க்குப் போன் செய்யுங்கள். குழந்தைகளுக்கான இந்த உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமும் விவரம் கேட்கலாம்.