அப்பாவிடம் சொல்லிவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

"ஆபரேஷன்னு அப்பாகிட்ட சொல்ல வேணாம், ஏதோ டெஸ்டுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடலாம்னு அம்மா சொல்றாங்க, என்ன பண்ணட்டும் அத்தை?" என்று நேற்று ராத்திரி போனில் கேட்டாய். நீயும் அழுதாய், நானும் அழுதேன், பேச்சு எங்கோ போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். மாடி வீட்டுப் பையன் இதைப் போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவான். வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது நிதானமாகப் படி.

பதில் இதுதான். சொல்லிவிடு. இன்றைக்கே, முழுதாகச் சொல்லிவிடு.

உன் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. கேட்டால் பயந்துவிடுவார், அதுவே இன்னொரு அட்டாக்கைக் கொண்டுவந்துவிடும் என்பது அவள் பயம். நம் குடும்பங்களில் பெரிய நோயை நோயாளியைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்வதுதான் வழக்கம். ஆனால் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். இந்தியாவின் முதல் பைபாஸை டாக்டர் கே.எம்.செரியன் 1975இல் செய்தது அங்கேதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்த சிஸ்டர்கள் அதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். சொல்லிக் கூட்டிவந்த நோயாளிகளையும் சொல்லாமல் கூட்டிவந்தவர்களையும் ஐ.சி.யு.வில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் கண் விழிக்கும் நேரத்தில் தெரியும்.

பைபாஸ் முடிந்து மயக்கம் தெளியும்போது வாயில் குழாய் இருக்கும். அது தொண்டைக்குள் போய் மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கும், அதனால் பேச முடியாது. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதே என்று சில நேரம் கையைத் துணியால் கட்டில் ஓரத்தில் கட்டியிருப்பார்கள். மார்புக்குக் கீழே இரண்டு மூன்று குழாய்கள், கழுத்தில் ஊசி, சுற்றிலும் மெஷின் சத்தம். வீட்டார் யாரும் பக்கத்தில் இல்லை. டெஸ்ட் என்று நம்பி வந்த மனிதன் இப்படிக் கண் விழித்தால் என்ன நினைப்பான்? அந்தக் கண்களை நான் மறக்கவில்லை. என் தம்பிக்கு அது வேண்டாம். "முழிக்கும்போது வாயில் டியூப் இருக்கும், பேச வராது, தலையை மட்டும் ஆட்டுங்கள், நீங்களே நல்லா மூச்சு விட ஆரம்பித்ததும் எடுத்துவிடுவார்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த நோயாளிகள் சிஸ்டர் கேட்டால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் உன் அப்பாதான். நினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளிக்குப் பதிலாக வீட்டார் சம்மதம் கொடுத்தால் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. சட்டத்தை விடு. அல்சூரில் முப்பது வருஷமாக ஒரு மளிகைக் கடையைத் தனியாளாக நடத்தினவன். எந்த முடிவையும் யாரிடமும் கேட்டு எடுத்தவன் இல்லை. அவன் மார்பைத் திறக்கப்போகும் செய்தி மட்டும் அவனுக்குத் தெரியக் கூடாதா?

எப்படிச் சொல்வது என்று நீ யோசிப்பாய். சொந்தக்காரர்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார். நீயும் அம்மாவும் மட்டும் இருங்கள். நின்றுகொண்டு சொல்லாதே, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். "அப்பா, மூணு ரத்தக் குழாய்லயும் அடைப்பு இருக்காம். பைபாஸ் பண்ணணுங்கறாங்க. நெஞ்சுக்குள்ள இருக்கிற ஒரு குழாயையும் கால்ல இருந்து எடுக்கிற ரத்தக் குழாயையும் வெச்சு மாத்து வழி போடுவாங்களாம். நாங்க எல்லாரும் வெளியிலேயே இருப்போம். உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவன் முதலில் கடையைப் பற்றித்தான் கேட்பான், பதில் தயாராக வைத்துக்கொள். அழுதால் அழட்டும். எனக்கு விவரம் தெரிந்து அவன் அழுது நான் பார்த்ததில்லை, ஆனால் இப்போது அழுதால் அது கெட்டது இல்லை.

ஸ்டென்ட் வைத்தால் போதாதா என்றும் கேட்பான். இத்தனை வருஷமாகச் சர்க்கரை இருப்பவனுக்கு, பல குழாய்களிலும் அடைப்பு இருந்தால், ஸ்டென்டைவிட பைபாஸ்தான் நீண்ட நாளைக்கு நல்லது என்று 2012இல் வெளிவந்த ஃப்ரீடம் ஆய்வு காட்டியது. டாக்டர் சொல்வது அந்தக் கணக்கில்தான். அதையே அவரிடம் உன் அப்பாவின் முன்னால் ஒருமுறை சொல்லச் சொல். டாக்டர் கன்னடத்தில் சொல்வது உன் அப்பாவுக்கும் உனக்கும் புரியும், ஆனால் ஊரிலிருந்து வந்த உன் அம்மாவுக்குப் பாதிதான் புரியும். ஒவ்வொரு ரவுண்ட்ஸ் முடிந்ததும் அவளுக்கு வரிக்கு வரி சொல்லு. பாதி புரிந்தவர்களுக்குத்தான் பயம் அதிகம்.

"அஞ்சு நாளா சும்மா படுக்க வெச்சிருக்காங்க" என்று உன் தம்பி கோபப்பட்டானாமே. சும்மா இல்லை. அட்டாக் வந்த அன்று ரத்தம் கட்டாமல் இருக்க குளோபிடோக்ரெல் கொடுத்திருப்பார்கள். அதன் வேகம் அடங்க ஐந்து நாள்போல ஆகும். அதற்குள் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. அந்த நாட்களை வீணாக்காதீர்கள். மூன்று உருண்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள், நுரையீரல் விரிய. நிறையப் பேர் அதை ஊதுவார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும், உருண்டை மேலே ஏறி நிற்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே பழகினால்தான் நெஞ்சு வலிக்கும்போது செய்ய வரும். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இருமவும் இப்போதே பழகட்டும். இதெல்லாம் உன் அப்பா செய்ய வேண்டிய வேலை. எதற்கு என்று தெரியாதவன் எப்படிச் செய்வான்?

எக்கோவில் பம்பிங் 40 என்று சொன்னதும் உன் அம்மா மீதி 60 போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். அது நூற்றுக்கு வாங்குகிற பரீட்சை மார்க் இல்லை. நல்ல இதயமே ஒரு துடிப்பில் தன்னிடம் உள்ள ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம்தான் வெளியே தள்ளும். 40 என்பது குறைவுதான், ஆனால் பாதிக்குமேல் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ரத்த ஓட்டம் சரியானால் பலருக்கு அது கொஞ்சம் ஏறவும் செய்யும். அவளிடம் இதை இரண்டு தடவை சொல்.

இடம் மாற்றும் பேச்சை விடுங்கள். காட்டை விற்று பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று உன் தம்பி சொன்னது பாசத்தில்தான். அப்பா இப்போது இருக்கும் ஜெயதேவா, இதயத்துக்கு மட்டுமே என்று இருக்கும் அரசு ஆஸ்பத்திரி. டாக்டர் மஞ்சுநாத் இயக்குநராக இருந்த காலத்திலிருந்து முதலில் சிகிச்சை, பணம் பிறகு என்று பெயரெடுத்த இடம். உன் அப்பாவுக்குத் தேவையானதை தினமும் செய்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஆரோக்கிய மித்ரா கவுண்டருக்குப் போ. பி.பி.எல். கார்டு என்றால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகாவில் வரும். ஏ.பி.எல். என்றால் நிர்ணயித்த செலவில் 30 சதவீதம் அவர்கள் தருவார்கள். காடு எங்கும் போகாது.

இரவு முழுக்க மூன்று பேரும் பாய் விரித்துப் படுக்க வேண்டாம். ஒருவருக்குத்தானே பாஸ்? உன் தம்பி எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வேலை முடிந்ததும் மஞ்சள் லைன் மெட்ரோவில் ஏறினால் ஜெயதேவா ஸ்டேஷனிலேயே இறங்கலாம். 2025 ஆகஸ்டுக்கு முன்னால் சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டியிருப்பான். ராத்திரி அவன், பகலில் நீ. அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். டாக்டரிடம் பேசுவது நீ மட்டும், ஒரு நோட்டில் எழுதிவை. சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்வதை உன் சித்தப்பாவிடம் விட்டுவிடு.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் மூன்றாம் நாள் அவன் தாறுமாறாகப் பேசினால் பதறாதே. பகல் ராத்திரி தெரியாது, செத்துப்போன தாத்தாவைக் கூப்பிடுவான், சிஸ்டரைத் திட்டினாலும் திட்டுவான். ஐ.சி.யு.வில் நிறையப் பேருக்கு வருவது, பெரும்பாலும் சில நாளில் தெளியும். டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடு. அவன் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடு. என்ன கிழமை, மணி என்ன என்று சொல்லிக்கொண்டே இரு. எதிர்த்து வாதாடாதே.

கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறது, பயம் இருக்கிறது, எல்லாரும் ஒழுங்காக இருப்பார்கள். வீட்டில் மூன்றாம் வாரம் நெஞ்சு வலி குறைந்ததும் இவன் கடைக்குப் போய் அரிசி மூட்டையைத் தூக்குவான். அறுத்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு கூடிவர ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். அதுவரை 5 கிலோவுக்கு மேல் எதுவும் தூக்கக் கூடாது, ஸ்கூட்டர் கூடாது. நடக்கலாம், நடக்க வேண்டும். அல்சூர் ஏரிக்கரை பக்கத்திலேயே இருக்கிறது, டாக்டர் சொல்கிற அளவுக்குக் காலையில் கூட்டிப்போ. ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் ஆயுசுக்கும். "நல்லாதானே இருக்கேன்" என்று நிறுத்துவான், விடாதே. காய்ச்சல், தையலில் நீர், திடீர் மூச்சிரைப்பு, இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறுவது, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் பேசு. ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். அதை அவனுக்கு மட்டும் நிறுத்தினால் அவன் தனியாகிவிடுவான், வீட்டிலேயே நிறுத்துங்கள்.

சில நாள் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அட்டாக் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். "எல்லாம்தான் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?" என்று யாரும் கேட்கக் கூடாது. கடைக் கணக்குநோட்டை அவன் மடியில் கொடு. பார்த்துத் திருத்தட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொல்.

உன் தம்பியையும் நீ விட்டுவிடக் கூடாது. அப்பாவுக்கு 57 வயதில் வந்திருக்கிறது. நம் பக்கத்து ஜனங்களுக்கு முதல் அட்டாக் சராசரியாக 53 வயதிலேயே வந்துவிடுகிறது, மற்ற நாட்டாரைவிட ஐந்தாறு வருஷம் முன்னால் என்று இன்டர்ஹார்ட் ஆய்வு சொன்னது. நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபரில் போனபோது வயது 46, அவ்வளவு உடற்பயிற்சி செய்த உடம்பு. அடுத்த சில வாரம் ஜெயதேவாவில் செக்கப்புக்கு எவ்வளவு கூட்டம் என்று உனக்கே தெரியும். உங்கள் இருவருக்கும் பி.பி., சர்க்கரை, கொழுப்பு இந்த மாதமே பார்த்துவிடுங்கள். தம்பி சிகரெட்டை நிறுத்தட்டும்.

உன் அப்பா வலி வந்த அன்று கேஸ் என்று சொல்லி விடியும்வரை சோடா குடித்துக்கொண்டிருந்தானாம். அடைத்த குழாய்க்குப் பின்னால் இருக்கும் தசை காத்திருக்காது. அதனால் கே.ஜி.எஃப்பில் இருக்கும் உன் சித்தப்பாவிடம் சொல், தாலுகா ஆஸ்பத்திரிகளிலேயே அடைப்பைக் கரைக்கும் ஊசியை இலவசமாகப் போட புனீத் பெயரில் கர்நாடக அரசு 2023இல் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது, சித்தப்பா ஊரில் எங்கே போடுகிறார்கள் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

நான் இப்போது வரவில்லை. ஐ.சி.யு. வாசலில் இன்னொரு கிழவி எதற்கு? உன் லீவு முடிகிற வாரத்தைச் சொல், பிருந்தாவனில் ஏறி கன்டோன்மென்டில் இறங்கிவிடுகிறேன். கூட இருந்து பத்திய சமையலும் மாத்திரைக் கணக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அப்பாவிடம் சொன்ன பிறகு எனக்கு போன் போட்டு அவன் கையில் கொடு, நான் பேசுகிறேன்.

இப்படிக்கு,
அத்தை
பெரம்பூர்