மெர்ஜ் பட்டனை அழுத்துவதற்கு முன்

ஆஸ்பத்திரி பார்மசியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு. ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவு இருந்தால் அவற்றை ஒன்றாக்கும் வேலை இனி உங்களிடமும் வரும். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. இது கணினியைச் சுத்தம் செய்யும் வேலை இல்லை. இதய வால்வு மாற்றிய அம்மா ஒருவர் ரத்தம் உறையாமல் இருக்க மாதாமாதம் அசிட்ரோம் வாங்குகிறார் என்று வையுங்கள். பல்வலியோடு வரும் அன்று அட்டையை வீட்டில் விட்டுவிடுகிறார். ஓ.பி. கூட்டத்தில் யாரோ புதுப் பதிவு போட்டுவிடுகிறார்கள். பல் டாக்டர் எழுதிய மெட்ரோனிடசோல் அந்தப் புதுப் பதிவில் பில் ஆகிறது. இரண்டும் சேர்ந்தால் அசிட்ரோமின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். திரையில் ஓர் எச்சரிக்கையும் வராது. ஏனென்றால் அந்தப் புதுப் பதிவில் அசிட்ரோமே இல்லை.

2. பெயரைத் தேடும்போது சாஃப்ட்வேரை மட்டும் நம்பாதீர்கள். கனிமொழிக்கு ஒருவர் இசட் எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். தனலட்சுமி டி (D) எழுத்திலும் இருப்பார், டி எச் (Th) எழுத்திலும் இருப்பார். உச்சரிப்பை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறை 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அது முதல் எழுத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும் என்பதால் அந்த இரண்டு தனலட்சுமியையும் சேர்த்துக் காட்டாது. இனிஷியலை முன்னால் போட்டாலும் இதே கதிதான். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்திருக்கும், அதையும் கேளுங்கள்.

3. பிறந்த தேதி ஜனவரி 1 என்றிருந்தால் அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். தேதி தெரியாத பெரியவர்கள் பலருக்கும் அதுதான் போடப்பட்டிருக்கும்.

4. செல்போன் எண் ஒரு வீட்டைக் காட்டும், ஆளைக் காட்டாது. மகனின் எண்ணில் அப்பா, அம்மா, மாமியார் மூவரும் இருப்பார்கள். இரட்டைப் பிள்ளைகளிடம் ரொம்பக் கவனம்: பிறந்த தேதி, அப்பா பெயர், முகவரி, போன் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். 14 இலக்க ஆபா (ABHA) சுகாதார எண் இருந்தால் பெரிய துணை, ஆனால் பழைய பதிவுகளில் அது இருக்காது.

5. சந்தேகம் இருந்தால் சேர்க்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. இரண்டாகக் கிடக்கும் பதிவை நாளைக்கும் சேர்க்கலாம். வேறு வேறு ஆட்களை ஒன்றாக்கிவிட்டால், அதன்மேல் புது பில்கள் விழ விழ, எந்த மாத்திரை யாருடையது என்று பிரிப்பது பெரும் பாடு. ஒருவருடைய இன்சுலின் இன்னொருவரின் மருந்துப் பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கும். நோயாளி அடுத்த முறை வரும்வரை காத்திருங்கள். வந்ததும், “உங்க பேரு கனிமொழிதானே?” என்று கேட்காதீர்கள். அவசரத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். “பேரு சொல்லுங்கம்மா, எந்த ஊரு, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று அவரையே சொல்லவிடுங்கள்.

6. ஒவ்வாமை விவரத்தை ஒரு பதிவில் இருந்து மட்டும் எடுக்காதீர்கள். ஒன்றில் பென்சிலின் என்றும், மற்றதில் ‘இல்லை’ என்றும் இருந்தால் பென்சிலின்தான் நிற்க வேண்டும், டாக்டர் விசாரித்து நீக்கும்வரை. காலியாக விட்ட கட்டத்துக்கு ஒவ்வாமை இல்லை என்று அர்த்தம் கிடையாது. யாரும் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

7. பதிவுகளை ஒன்றாக்கும்போது ஷெட்யூல் எச்1 மருந்துகளின் பதிவேட்டில் கை வைக்காதீர்கள். 2014 மார்ச்சில் இருந்து அந்த மருந்துகளுக்கு நோயாளி பெயர், எழுதிய டாக்டர், மருந்து, அளவு எல்லாம் தனியாகப் பதிந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அன்று என்ன பெயரில் கொடுத்தோமோ அது அப்படியே இருக்கட்டும்.

8. ஒன்றாக்கியபின் பழைய எண்ணை அழிக்காதீர்கள். அதைத் தட்டினாலும் ஒன்றாக்கிய பதிவே திறக்கும்படி செய்துவையுங்கள். அசிட்ரோம் வாங்கும் அந்த அம்மா அடுத்த மாதம் கொண்டுவருவது பழைய அட்டையாக இருக்கலாம்.