‘பறையா’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கில பாடத்திலே ‘பறையா’ என்னுஞ் சொல் வருமிடத்து, ‘விலக்கப்பட்டவன்’ எனப் பொருள்கூறி அமைதல் போதாது. அது தமிழினின்றுஞ் சென்ற சொல்லாதலின், அதன் வரலாற்றை ஆசிரியர்கள் அறிதல் வேண்டும்.

பறை முரசு, பறைதல் சொல்லுதல். இவ்வினை யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் உளது. பறை முழக்குவோர் பறையர் எனப்பட்டனர் என்பர். புறநானூற்று 335ஆம் பாட்டு அவரைச் சிறந்த நாற்குடிகளுள் வைத்தெண்ணுகின்றது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயர் ஆங்கில நூல்களிற் புகுந்தபோது ஒரு சாதியையே குறித்தது. 1791இல் பெர்னார்தன் த சென் பியர் என்னும் பிரெஞ்சு ஆசிரியர், உண்மைதேடி அலைந்த ஆங்கில அறிஞரொருவர் அதனைப் பறையரொருவர் குடிசையிலே பெற்றதாகக் கதையெழுதினார். 19ஆம் நூற்றாண்டிலோ அச்சொல் எந்நாட்டிலும் விலக்குண்டோர்க்குப் பொதுப்பெயராயிற்று. தெருநாய்க்கும் அஃது அடையாக வழங்கியது. இக்காலத்திற் பிற நாடுகள் ஒதுக்கும் அரசினையும் அவ்வாறு சுட்டுவர்.

இதற்கு ஆங்கிலேயரை மாத்திரம் பழித்தல் நேர்மையன்று. அவர் சொல்லிற் கண்ட இழிவு, நம்மவர் சாதிச்செருக்கு முன்னரே ஏற்றிவைத்ததாம். நம் குடாநாட்டிலே, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்டோர் உட்செல்லும் உரிமைக்காக அறப்போர் செய்ய நேர்ந்ததன்றோ! இரட்டைமலை சீனிவாசனாரோ அப்பெயருக்கு நாணாது, 1893இற் சென்னையிலே ‘பறையன்’ என்றே பத்திரிகை தொடங்கினார்.

கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் அளித்த திருநாளைப்போவாரை நாயனாராக வணங்கும் யாம், அச்சொல்லை வசையாக வழங்குதல் தகுமா? ஆசிரியர்காள்! பொருளோடு வரலாற்றையும் உரைமின். வகுப்பில் எப்பிள்ளையும் அதனால் ஏசப்படாதவாறு காமின்.