ஆமைக்கு ஹீட்டரும் லைட்டும்: ஃப்யூஸ் பார்க்காத விஷயங்கள்

போன டிசம்பர், செமஸ்டர் எக்ஸாமுக்கு நடுவுல, இங்கிலாந்துல இருக்கிற எங்க பெரியம்மா பொண்ணு வீடியோ கால் பண்ணாங்க. "டேய், நீ ட்ரிபிள்-ஈ தானே? போண்டாவோட டேபிள்ல ஏதோ கருகுற வாசனை வருது, கொஞ்சம் பாரேன்."

போண்டா அவங்க வளர்க்கிற ஆமை. ஹெர்மன் ஆமைன்னு சொல்வாங்க, தெற்கு ஐரோப்பாவைச் சேர்ந்த தரை ஆமை. கேமராவைத் திருப்பினாங்க. கிளிப் லேம்ப் வழுக்கி, கீழே பரப்பியிருந்த தேங்காய் நார்த் தூள் மேல சாய்ஞ்சு கிடந்தது. அந்த இடம் காபித்தூள் கலர்ல கருகியிருந்தது. போண்டா எதிர் மூலையில, ஓட்டுக்குள்ள.

"முதல்ல ப்ளக்கைப் பிடுங்குங்க அக்கா"ன்னு சொல்லிட்டு, அடுத்து நான் கேட்டது: "ஃப்யூஸ் போகலையா?"

இப்ப யோசிச்சா வெட்கமா இருக்கு. நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க. 100 வாட் பல்ப், 230 வோல்ட் சப்ளை. கரண்ட் சுமார் 0.43 ஆம்பியர். ப்ளக்ல இருந்தது 3 ஆம்பியர் ஃப்யூஸ். பல்ப் மேலே ஒழுங்கா தொங்கினாலும் 0.43தான், கீழே விழுந்து நாரைக் கருக்கினாலும் அதே 0.43தான். ஃப்யூஸுக்கு இதுல வித்தியாசமே தெரியாது. அதோட வேலை ஒயரைக் காப்பாத்துறது, ஆமையை இல்ல.

அதனால பாதுகாப்பு இங்க பாதிக்கு மேல மெக்கானிக்கல் சமாச்சாரம். கிளிப்பை நம்பாதீங்க. லேம்ப் செயின்லயோ ஸ்க்ரூ போட்ட பிராக்கெட்லயோ தொங்கணும், ஒண்ணு கழண்டாலும் இன்னொண்ணு பிடிக்கிற மாதிரி. ஹோல்டர் செராமிக்காக இருக்கணும், பிளாஸ்டிக் உருகிடும். ராத்திரிக்குப் போடுற செராமிக் ஹீட்டர் வெளிச்சமே தராது, ஆனா அதன் மேற்பரப்பு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆஃப்ல இருக்குன்னு நினைச்சு கை வச்சீங்கன்னா அவ்ளோதான். அதைச் சுத்தி கம்பி வலை கட்டாயம்.

சரி, ஆமைக்கு எவ்வளவு சூடு வேணும்? அது தன் உடம்புச் சூட்டை வெளியிலிருந்துதான் வாங்கிக்கணும். ஹெர்மன் ஆமைக்கு வெயில் காயுற இடம் 32 முதல் 35 டிகிரி, எதிர் மூலை 20, 22 டிகிரி. ரெண்டும் ஒரே பெட்டியில இருக்கணும். சூடு அதிகமானா நகர்ந்து போக இடம் இருக்கணுமே. மொத்தப் பெட்டியையும் ஒரே சூட்டில் வைக்கிறது ஆமையை மே மாத பஸ்ல ஜன்னலை மூடி உட்கார வைக்கிற மாதிரி.

இந்த 32 டிகிரியை எங்கே அளக்கணும்? நான் தரையில் வைக்கச் சொன்னேன். அதுவும் தப்பு. லேம்ப் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம், ஓட்டின் உச்சி 10 சென்டிமீட்டர்னு வைங்க. அப்போ ஓட்டுக்கும் லேம்புக்கும் இடைவெளி 20தான். இன்வர்ஸ் ஸ்கொயர் படி ஓட்டுல விழுறது தரையில் விழுறதைவிட 2.25 மடங்கு. ரிஃப்ளெக்டர் பல்ப் பாயிண்ட் சோர்ஸ் இல்ல, அதனால கணக்கு கொஞ்சம் மாறும். ஆனா ஓட்டு உயரத்தில் அளக்கணும்ங்கிறது மாறாது.

அடியில் ஹீட் மேட் போடலாமேன்னு தோணும். வேண்டாம். சூரியன் மேலேயிருந்துதானே வருது? சூடு தாங்கலன்னா ஆமை மண்ணைத் தோண்டி உள்ளே போகும். அங்கேயும் சூடு இருந்தா வயிறுதான் வேகும். ராத்திரிக்கு சிவப்பு பல்ப் போட்டா ஆமைக்குத் தெரியாதுன்னு ஒரு கதை சுத்துது. நல்லாவே தெரியும், தூக்கம் கெடும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். அது இருந்தா எல்லாம் சேஃப்னு நினைக்காதீங்க. ஆமை சென்சார் ஒயரை இழுத்து குளிர் பக்கம் போட்டுடுச்சுன்னா, கன்ட்ரோலர் "இன்னும் சூடு பத்தல"ன்னு ஹீட்டரை விடாம ஓட்டும். ரிலே ஒட்டிக்கிட்டாலும் இதே கதை. அதனால 50 வாட்ல வேலை முடியுதுன்னா 100 வாட் வாங்கி தெர்மோஸ்டாட்டை வச்சு அடக்காதீங்க. கன்ட்ரோல் மொத்தமா ஃபெயிலானாலும் ஆமை சாகாத அளவு வாட்டேஜைத் தேர்ந்தெடுங்க. சென்சாரை ஒட்டி வைக்காம ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க.

வெளிச்சம் தனி சப்ஜெக்ட். ஆமையின் தோல் வைட்டமின் டி3 தயாரிக்க யூவிபி கதிர் வேணும், சுமாரா 290 முதல் 315 நானோமீட்டர். அது இல்லேன்னா கால்சியம் உடம்புல சேராது, ஓடு மெத்துன்னு ஆகிடும். ஜன்னல் ஓரம் வச்சா போதும்னு அக்கா நினைச்சிருந்தாங்க. ஜன்னல் கண்ணாடி யூவிபியைக் கிட்டத்தட்ட முழுசா தடுத்துடும். வெயில் வருது, விஷயம் வரல! இதுக்கு டி5 யூவிபி டியூப் தனியா வாங்கணும், வெயில் காயுற இடத்துக்கு மேலேயே மாட்டணும், நாளுக்கு 12 மணி நேரம் டைமர்ல ஓடணும். இன்னொரு சிக்கல், ஒரு வருஷம் போனா யூவிபி குறைஞ்சிடும், ஆனா டியூப் பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். கண்ணால கண்டுபிடிக்கவே முடியாது.

இதைப் படிச்சிட்டு நம்ம ஊர்ல நட்சத்திர ஆமை தேடிப் போகாதீங்க. அதைப் பிடிக்கிறது, விற்கிறது, வீட்டுல வச்சிருக்கிறது எல்லாமே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

போண்டா நல்லா இருக்கு. லேம்ப் ரெண்டு செயின்ல தொங்குது. டியூப் ஓரத்துல மாட்டின தேதியை அக்கா மார்க்கர்ல எழுதி ஒட்டியிருக்காங்க. வர்ற ஜனவரியில மாத்தணும்.